கீழ்ப்படியும் தண்டனை முள்ளெலியும்: சூப்பர்நானி பற்றி ஒரு விரிவான பதில்

அடங்காத பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரு தாதி வந்து பெற்றோருக்கு வழிகாட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சி சூப்பர்நானி. அதன் துண்டுக் காட்சிகளை இணையத்தில் பார்த்த ஒரு தாய், பிள்ளையைப் படியில் உட்காரவைக்கும் அதே முறையைத் தன் மூன்றரை வயது மகனிடம் செய்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். இத்தனை நாடுகளில் ஓடிய நிகழ்ச்சியைச் சில இடங்களில் ஏன் நிறுத்தினார்கள் என்பதும், நம் மொழியில் அப்படி ஒன்று வந்தால் குடும்பத்தோடு கலந்துகொள்ளலாமா என்பதும் அவருடைய அடுத்த இரண்டு கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். முதல் கேள்விக்கு என் பதில்: செய்யலாம், ஆனால் திரையில் தெரிகிற பாதியை மட்டும் செய்யாதீர்கள். ஏன் என்று சொல்வதற்குள் அந்த நிகழ்ச்சியின் கதையையே சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் மழலையர் காப்பகத்தில் ஆறு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, பிறகு ஷ்யூர் ஸ்டார்ட் என்ற அரசுத் திட்டத்தின் குழந்தைகள் மையம் ஒன்றில் பெற்றோர் குழுக்கள் நடத்தியவள் நான். அந்த ஆண்டுகளில் என் எதிரே வந்து உட்கார்ந்த தாய்மாரில் பாதிப் பேர் பேச்சைத் தொடங்கியதே இந்த நிகழ்ச்சியை வைத்துத்தான்.

2004 ஜூலை 7 அன்று பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் சூப்பர்நானி தொடங்கியது. தயாரித்தது ரிகோஷே என்ற நிறுவனம். ஜோ ஃப்ராஸ்ட் என்ற லண்டன் பெண்மணி, பல வீடுகளில் குழந்தை பார்த்த அனுபவத்தை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு வந்தார். உளவியல் பட்டமோ சொந்தக் குழந்தையோ அவருக்கு இல்லை. தூக்கிக் கட்டிய கொண்டை, மூக்குக் கண்ணாடி, பள்ளி ஆசிரியை போன்ற உடுப்பு. ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் ஓரமாக நின்று பார்ப்பார். பிறகு தாய் தகப்பனை உட்காரவைத்து, நடந்ததைக் கண்ணாடி போலக் காட்டுவார். வீட்டுக்கான விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுவார். நாளுக்கு ஒரு கால அட்டவணை போடுவார். சில முறைகளைச் செய்து காட்டுவார். சில நாள் விலகிப் போய், அவர் இல்லாதபோது எடுத்த படத்தைப் பெற்றோருக்கே போட்டுக் காட்டி, எங்கே சறுக்கினீர்கள் என்று சொல்லித் திருத்துவார். எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த வரிசை மாறவில்லை.

அது வந்த ஆண்டைக் கவனியுங்கள். அதே 2004இல்தான் பிரிட்டன் நாடாளுமன்றம், பெற்றோர் பிள்ளையை அடிக்கலாமா என்று விவாதித்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டின் குழந்தைகள் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'நியாயமான தண்டனை' என்ற தற்காப்பு வாதத்தைச் சுருக்கியதே தவிர, அடியை அறவே தடை செய்யவில்லை. ஸ்காட்லாந்து 2020இலும் வேல்ஸ் 2022இலும்தான் முழுத் தடைக்கு வந்தன. 'அடிக்காதே' என்று எல்லோரும் சொன்னார்கள். அடிக்காமல் என்ன செய்வது என்று செய்து காட்டியவர்கள் குறைவு. அந்த வெற்றிடத்தில்தான் ஜோ ஃப்ராஸ்ட் வந்து நின்றார். அந்த அளவில் அவருக்கு நான் நன்றி சொல்வேன். 'அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டார்' என்று கேட்டு வளர்ந்த எங்கள் வீடுகளுக்குள், கையை ஓங்காமலும் ஒரு பிள்ளையை நிறுத்தலாம் என்பதைக் கண்ணால் காணும் காட்சியாக அவர்தான் கொண்டுவந்தார்.

இப்போது அந்தப் படிக்கட்டுக்கு வருவோம். 'நாட்டி ஸ்டெப்' என்று பெயர். லண்டனின் சாதாரண வரிசை வீடுகளில் வாசற்கதவைத் திறந்ததும் எதிரே மாடிப்படி நிற்கும். அதன் அடிப்படியில் கம்பளம் தேய்ந்திருக்கும்; பக்கத்தில் செருப்பும் சப்பாத்தும் குவிந்திருக்கும். விளையாட்டுச் சாமான் இல்லை, தொலைக்காட்சி இல்லை, ஆனால் சமையலறையிலிருந்து தாயின் கண்ணுக்கு எட்டும் தூரம். பிள்ளை அடித்தாலோ கடித்தாலோ, அவன் உயரத்துக்குக் குனிந்து, தணிந்த குரலில் ஒரே ஒரு எச்சரிக்கை. மறுபடி செய்தால் படியில் உட்காரவைத்து, ஏன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு விலக வேண்டும். வயதுக்கு ஒரு நிமிடம். எழுந்து ஓடினால் பேசாமல் கொண்டுவந்து உட்காரவைத்து, நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும். முடிந்ததும் மறுபடி குனிந்து, காரணத்தைச் சொல்லி, மன்னிப்புக் கேட்கச் சொல்லி, அணைத்து முத்தமிட்டு அத்தோடு விட்டுவிட வேண்டும். தமிழில் 'கீழ்ப்படி' என்றால் அடிப்படியும் அதுதான், பணிவதும் அதுதான். அந்த ஒரு சொல்லில் இந்த முறையின் நன்மையும் ஆபத்தும் சேர்ந்தே இருப்பதாக எனக்குப் படும்.

இது ஜோ ஃப்ராஸ்ட் கண்டுபிடித்ததல்ல. ஆர்தர் ஸ்டாட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களின் தொடக்கத்தில் தன் சொந்த மகளிடமே செய்து பார்த்து 'டைம் அவுட்' என்று வழங்கிய முறைதான் மூலம். அதன்பின் 1964இல் மான்ட்ரோஸ் உல்ஃபும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு கட்டுரை இத்துறையில் புகழ்பெற்றது. அதில் டிக்கி என்ற புனைபெயரில் வரும் சிறுவனுக்கும், உங்கள் மகனைப் போலவே, மூன்றரை வயது. கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அவன் மூக்குக் கண்ணாடி போடாவிட்டால் பார்வையே கெட்டுவிடும் நிலை. அவனோ கண்ணாடியைத் தொட விடமாட்டான். கோபம் வந்தால் தன்னையே காயப்படுத்திக்கொள்வான். ஆட்டம் போடும்போதெல்லாம் ஒரு அறையில் தனியே விட்டு, அமைதியானதும் கதவைத் திறந்தார்கள். இது முதல் பாதி. மறுபாதியில், கண்ணாடி இல்லாத வெறும் சட்டத்தைக் கொடுத்து, அதைக் கையில் எடுத்தாலே ஒரு துணுக்குத் தின்பண்டம்; முகத்தருகே கொண்டுபோனால் இன்னொன்று; இப்படி அணு அணுவாக அவனைக் கண்ணாடி போடவைத்தார்கள்.

இந்த இரண்டு பாதிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவதன் உயிர்நாடி அதுதான். டைம் அவுட் என்பது இன்பமான ஒன்றிலிருந்து சற்று நேரம் விலக்கிவைப்பது. விலக்கிவைக்க அந்த இன்பம் முதலில் இருக்க வேண்டுமே! நாள் முழுக்கத் தாயும் தகப்பனும் கைப்பேசியில் மூழ்கியிருக்கும் வீட்டில், பிள்ளையைப் படியில் உட்காரவைத்தால் எதிலிருந்து விலக்கியதாக ஆகும்? ஜோ ஃப்ராஸ்ட் இதை அறியாதவர் அல்லர். அவர் நிகழ்ச்சியில் நல்லது செய்தால் கொடுக்கும் நட்சத்திர ஒட்டிகள் உண்டு, தகப்பனைத் தரையில் உட்காரவைத்து விளையாடச் சொல்வதும் உண்டு. ஆனால் தொலைக்காட்சிக்கு வேண்டியது அலறல். நாற்பது நிமிடம் அமைதியாகக் கட்டைகளை அடுக்கும் பிள்ளையை எந்தப் படத்தொகுப்பாளரும் வைத்துக்கொள்ள மாட்டார். அதனால் பார்ப்பவர் மனத்தில் தங்குவது படிக்கட்டு மட்டும்.

இந்த வடிவம் நாடு விட்டு நாடு போன வேகம் வியப்பானது. பிரிட்டனில் தொடங்கிய சில மாதங்களிலேயே அமெரிக்காவில் போட்டி. ஏபிசி நிறுவனம் ஜோ ஃப்ராஸ்டையே அழைத்துவந்து 2005 ஜனவரியில் அமெரிக்கச் சூப்பர்நானியைத் தொடங்குவதற்குள், ஃபாக்ஸ் நிறுவனம் 2004 நவம்பரிலேயே நானி 911 என்ற தன் நிகழ்ச்சியை முந்திக்கொண்டு வெளியிட்டுவிட்டது. இரண்டிலும் பிரிட்டிஷ் தாதிகள் அமெரிக்க வீட்டை மீட்க வருவார்கள். ஏபிசி நிகழ்ச்சியில் அமெரிக்கத் தெருவொன்றில் லண்டனின் கறுப்பு டாக்ஸி வந்து நிற்கும். ஜோ ஃப்ராஸ்ட் 'அன்-அசெப்டபிள்' (ஏற்க முடியாது) என்று தன் ஊர் வழக்கில் அதட்டுவது அமெரிக்கர்களிடையே கேலியும் செல்லமும் கலந்த வாசகமாயிற்று. 2011 வரை அது ஓடியது. 2020இல் லைஃப்டைம் மறுபடி எடுத்தது.

ஜெர்மனியில் ஆர்டிஎல் நிறுவனம் 2004 செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டது. பிரான்சில் எம்6 நிறுவனம் 2005இல் எடுத்தது. அதன் முகமாக இருந்த கேத்தி சராய் துனீசியாவில் பிறந்தவர், 2010 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார். சில ஆண்டுகள் கழித்து வேறொருவரைக் கொண்டு, வேறொரு சேனலில் அதே பெயர் மீண்டும் வந்தது. ஸ்பெயின், பிரேசில், இஸ்ரேல் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் சொல்லி உங்களைக் களைப்பாக்க மாட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது போலந்து. டிவிஎன் நிறுவனம் 2006இல் 'சூப்பர்நியானியா' என்று எடுத்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுக்குள் மாடிப்படிக்கு எங்கே போவது? அங்கே பிள்ளையை உட்காரவைக்கும் இடமாக, படிக்குப் பதில் ஒரு முள்ளெலி வந்து சேர்ந்தது: 'கார்னி யெஜிக்', தண்டனை முள்ளெலி. அந்தச் சொல் வீடுகளைத் தாண்டிப் போய், தவறு செய்த பெரியவர்களை, அரசியல்வாதிகளைக்கூட 'முள்ளெலிக்குப் போ' என்று சொல்லும் அளவுக்கு மொழியில் ஊறிவிட்டது. ஜெர்மனியில் அது 'அமைதிப் படிக்கட்டு', பிரேசிலில் 'ஒழுக்க மூலை', ஸ்பெயினில் 'யோசிக்கும் மூலை'. கட்டடமும் மொழியும் மாறினாலும் முறை ஒன்றுதான். ஆனால் பெயர் மாறும்போது முறையின் மனமும் கொஞ்சம் மாறுகிறது. 'யோசிக்கும் மூலை' என்ற பெயர் மூன்று வயதுப் பிள்ளையிடம் யோசனையை எதிர்பார்க்கிறது. அந்த வயதில் அழுகையின் நடுவே யாருக்கும் யோசனை வராது.

இன்னொரு மாற்றம் யாரும் அதிகம் பேசாதது. பிரிட்டனில் வருபவர் தாதி. வசதியான வீட்டில் சம்பளத்துக்குப் பிள்ளை வளர்க்கும் செவிலி என்பது அந்தச் சமூகத்தின் நெடுநாள் வழக்கம். நம் சங்கப் பாடல்களிலும் நற்றாய் ஒருத்தி, செவிலித்தாய் ஒருத்தி என்று இருவர் வருவதால் நமக்கும் இது அந்நியமல்ல. ஐரோப்பாவின் வேறு சில நாடுகளிலோ ஒரு தாதி வந்து புத்தி சொல்வதை ஏற்கத் தயக்கம். அதனால் ஜெர்மனியில் கத்தரினா சால்ஃபிராங்க் என்ற கல்வியியல் பட்டதாரி, போலந்தில் தோரோத்தா சவாட்ஸ்கா என்ற உளவியலாளர், ஸ்பெயினில் ரோசியோ ராமோஸ்-பவுல் என்ற உளவியலாளர். பட்டம் உள்ளே வந்ததும் கூடவே தொழில் நெறியும் வந்துவிட்டது. தன்னிடம் வரும் குழந்தையின் அழுகையை ஊரறியக் காட்டும் உரிமை எந்த உளவியலாளருக்கு இருக்கிறது? தாதியிடம் யாரும் கேட்காத கேள்வியை இவர்களிடம் கேட்டார்கள்.

ஜெர்மனியில் நடந்ததைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். வன்முறையற்ற வளர்ப்புக்குப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்று 2000இலேயே அந்நாட்டுச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். நிகழ்ச்சி வந்ததுமே குழந்தைகள் பாதுகாப்புச் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. ஆனாலும் ஏழு ஆண்டுகள் ஓடியது. பிரிட்டிஷ் வடிவத்தைவிட அதன் நிறம் கறுத்துக்கொண்டே போனது. அடங்காத பிள்ளை என்பதைத் தாண்டி, வேலையிழப்பு, குடி, இளவயதுத் தாய், வீட்டுக்குள் அடி என்று நிகழ்ச்சி போய் நின்றது. 2011இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில், ஒரு தாய் தன் சிறு பிள்ளைகளைத் திட்டுவதும் அடிப்பதும் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டன. இளையோர் ஊடகப் பாதுகாப்பு ஆணையம் இது மனித மாண்பை மீறுவதாகக் கண்டது. நிறுவனம் வழக்காடியது. 2014இல் ஹனோவர் நிர்வாக நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. அந்தப் பிள்ளைகள் அங்கே வெறும் காட்சிப்பொருளாக ஆக்கப்பட்டார்கள் என்பதுதான் விஷயத்தின் சாரம்.

நல்ல நோக்கத்துக்காகத்தானே காட்டினோம், அடிக்கும் தாய் கடைசியில் மாறினாளே என்பது இதற்கு எப்போதும் வரும் பதில். பெரியவர்களைப் பற்றிய நிகழ்ச்சி என்றால் அதை ஏற்பேன். ஆனால் அந்த அறையில் அடி விழும்போது படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அடியை ஒருமுறை காட்டுவது பார்ப்பவருக்குப் புரியவைக்க. மறுபடி மறுபடி காட்டுவது பார்ப்பவரை இருக்கையில் பிடித்துவைக்க. அடி வாங்கிய பிள்ளைக்கு இந்த இரண்டில் எதனாலும் ஆவது ஒன்றுமில்லை.

சால்ஃபிராங்க் அம்மையாரே 2011இல் நிகழ்ச்சியை விட்டு வெளியேறினார். தன் கல்விப்பணியில் தயாரிப்புத் தரப்பு வரம்பு மீறித் தலையிடுகிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். பிறகு அவர் எழுதியவை தண்டனையே இல்லாத, உறவை அடிப்படையாகக் கொண்ட வளர்ப்பைப் பற்றியவை. ஒரு நாட்டுக்கே அமைதிப் படிக்கட்டை அறிமுகப்படுத்தியவர் அதிலிருந்து விலகி வந்தது எனக்குப் பெரிய செய்தி. மனம் மாறியதை ஊரறியச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

போர்ச்சுகல் கதை இன்னும் கூர்மையானது. அங்கே இந்த நிகழ்ச்சி மிகத் தாமதமாக, 2018 ஜனவரி 14 அன்று சிக் தொலைக்காட்சியில் வந்தது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி முகமும் பெயரும் தெரிய, குளியலறை, படுக்கையறை எல்லாம் தெரிய, அடம் பிடித்து அழுதாள். மறுநாளே குழந்தைகள் உரிமைகளுக்கான தேசிய ஆணையம் குரல் எழுப்பியது. உளவியலாளர் சங்கமும் எதிராகவே நின்றது. இரண்டாம் பகுதி ஒளிபரப்பானது. அதற்குள் அரசு வழக்குத் தரப்பு நீதிமன்றம் போய்விட்டது. பிள்ளைகளின் முகத்தையும் குரலையும் அடையாளம் தெரியாமல் மறைத்தால் ஒழிய மூன்றாம் பகுதியைக் காட்டக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. சிக் நிறுவனம் நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டது. இரண்டே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்!

முகத்தை மறைத்துக் காட்டும் வழி அந்த நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்த வழியில் அது போகவில்லை. தெரிந்துகொள்ளும் ஆவலுக்கும் முகத்தைப் பார்க்கும் ஆவலுக்கும் உள்ள வேற்றுமை அதில் தெரிந்துவிட்டது. முறைதான் முக்கியம் என்றால் முகம் எதற்கு?

2004க்கும் 2018க்கும் இடையில் மாறியது என்ன என்றும் யோசிக்க வேண்டும். 2004இல் ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பானால், மறுநாள் பள்ளியில் நாலு பேர் கேலி செய்வார்கள். ஓரிரு மாதத்தில் மறந்துபோகும். இன்று ஒரு துண்டுக் காட்சி இணையத்தில் ஏறினால் இறங்குவதே இல்லை. நீங்கள் பார்த்த அந்தக் காட்சிகளில் அலறும் பிள்ளைகள் பலர் இப்போது இருபதுகளின் நடுவில் இருப்பார்கள். வேலைக்குப் போயிருப்பார்கள், மணமாகியிருக்கும். கீழே கருத்து எழுதுபவர்கள் இன்றும் அவர்களைப் 'பிசாசு' என்றும் 'இந்தப் பிள்ளை உருப்படாது' என்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுச் சில இரவுகள் எனக்குத் தூக்கம் வந்ததில்லை.

பிரிட்டனும் இதைக் கவனிக்காமல் இல்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் உடல், மன நலனுக்கும் மாண்புக்கும் உரிய கவனம் செலுத்த வேண்டும். அவர்களோ பெற்றோரோ சம்மதம் கொடுத்தார்கள் என்பதால் அந்தக் கடமை நீங்கிவிடாது என்று அந்நாட்டின் ஒளிபரப்பு விதித்தொகுப்பு சொல்கிறது. எனக்கு மிகப் பிடித்த விதி அது. பெற்றோரின் கையெழுத்து எல்லாவற்றுக்கும் சாவி ஆகாது என்பதை அது ஒப்புக்கொள்கிறது. 2008இல் ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு பிரிட்டனைப் பற்றித் தந்த கருத்துரையில், பிள்ளைகள் ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் தோன்றுவது அவர்களின் அந்தரங்கத்தில் சட்டத்துக்குப் புறம்பான தலையீடாகலாம் என்று கவலை தெரிவித்து, அதை ஒழுங்குபடுத்தச் சொன்னது. ஆனால் அதே பிரிட்டனின் அரசுதான் 2006இல் 77 பகுதிகளுக்குப் பெற்றோர் வளர்ப்பு வல்லுநர்களை அனுப்பப்போவதாக அறிவித்து, பத்திரிகைகள் அவர்களைச் 'சூப்பர்நானிகள்' என்று அழைப்பதை மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அளவுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெயர் அரசாங்கத்தின் கொள்கை வரை ஊடுருவியிருந்தது.

அப்படியானால் தொலைக்காட்சியால் பெற்றோருக்கு நன்மையே இல்லையா? உண்டு. அதற்குச் சான்றும் உண்டு. சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் 1980களிலேயே, பெற்றோரும் பிள்ளையும் பழகும் சிறு சிறு காட்சிகளை வீடியோவில் போட்டுக்காட்டி, அதைச் சுற்றிப் பெற்றோரைப் பேசவைத்தார். அது பலன் தந்தது. நான் நடத்திய குழுக்களும் அந்த மரபில் வந்தவைதான். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் டிரிப்பிள் பி என்ற பெற்றோர் பயிற்சியை உருவாக்கிய மேத்யூ சாண்டர்ஸும் சகாக்களும், நியூசிலாந்தில் காட்டப்பட்ட 12 பகுதித் தொடர் ஒன்றைப் பெற்றோர் சிலருக்குக் கொடுத்து ஆராய்ந்து, பார்த்தவர்கள் வீட்டில் பிள்ளைகளின் தொல்லை குறைந்ததாக 2000இல் எழுதினார்கள். பிரிட்டனில் ஐடிவி 2005இல் காட்டிய தொடர் ஒன்றையும் இதே வழியில் ஆராய்ந்தார்கள். தொடரை மட்டும் பார்த்தவர்களைவிட, கூடவே இணைய உதவியும் பெற்றவர்கள் அதிகப் பயன் அடைந்தார்கள்.

பார்த்தால் மட்டும் போதாது, பார்த்ததைக் கேட்டுப் பேசித் திருத்திக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். தொலைக்காட்சியில் அந்த ஆள் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தார். பார்த்துக்கொண்டிருந்த மற்ற வீடுகளுக்குக் கிடைக்கவில்லை.

ஒரு நாள் என் குழுவுக்கு வந்த யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவர் சொன்னதை இங்கே சொல்கிறேன். மூத்தவனுக்கு நாலு வயது, கைக்குழந்தை ஒன்று, கணவருக்கு இரவு வேலை. "அக்கா, நானும் அந்த டிவியிலை வாற மாதிரிப் படியிலை இருத்திறன். அவன் சிரிக்கிறான்" என்றார். நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பிள்ளையை உட்காரவைத்துவிட்டு அவர் எதிரே நின்று விடாமல் பேசிக்கொண்டே இருந்தார்: ஏன் தம்பியைக் கிள்ளினாய், இனிச் செய்வாயா, அப்பா வரட்டும். நாலு நிமிடமும் முழுக்கவனம்! கைக்குழந்தை வந்தபிறகு அம்மாவின் முகம் தனக்கே தனக்கென்று கிடைத்த ஒரே நேரம் அவனுக்கு அதுதான். அடுத்த முறை அவரைச் சமையலறைக்குப் போகச் சொன்னேன். பையன் சற்று நேரம் கத்தினான். பிறகு படியோரம் கிடந்த சப்பாத்துகளை எடுத்து, அப்பாவுடையது, அம்மாவுடையது, தன்னுடையது என்று சோடி சோடியாக அடுக்கத் தொடங்கினான். தம்பிக்குச் சப்பாத்து இல்லை. அவனுடைய குட்டிக் காலுறையைத் தேடி எடுத்துக் கடைசியில் வைத்தான். அந்தக் காலுறையைப் பார்த்து அந்தத் தாய் அழுதுவிட்டார்.

அங்கே கேமரா இருந்திருந்தால் அவன் அடுக்கியிருக்க மாட்டான். இருந்தும் அடுக்கியிருந்தால், அந்த அழுகை ஒளிபரப்பாகியிருக்கும்.

இனி உங்கள் மகன். திரையில் வெட்டப்பட்ட மறுபாதியிலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் படிக்கட்டே வேண்டாம். நாளுக்குப் பத்து நிமிடம், கைப்பேசி வேறு அறையில், தரையில் அவனோடு உட்காருங்கள். என்ன விளையாடுவது என்பதை அவன் முடிவு செய்யட்டும். நீங்கள் கேள்வி கேட்காதீர்கள், சொல்லிக்கொடுக்காதீர்கள்; நடப்பதை மட்டும் சொல்லுங்கள்: "சிவப்பு லாரி மேலே ஏறுகிறது, இறங்குகிறது." தம்பி தங்கையை அடிக்காமல் அவன் பொம்மையைக் கொடுக்கும் அந்த ஒரு நொடியைப் பிடித்து, என்ன செய்தான் என்பதைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். "நல்ல பிள்ளை" என்பது போதாது, "லாரியைப் பாப்பாவுக்குக் கொடுத்தாயே!" என்பது போய்ச் சேரும்.

பிறகு வீட்டு விதி மூன்றுக்கு மேல் வேண்டாம். டைம் அவுட் அடித்தல், கடித்தல், எறிதல் போன்றவற்றுக்கு மட்டும். சாப்பிடவில்லை, சட்டை போடவில்லை, உறங்கவில்லை என்பதற்கெல்லாம் அது மருந்தல்ல. மூன்று நிமிடம் தாராளம். நேரத்தை நீட்டுவதால் பலன் கூடாது. அந்த இடத்துக்குப் பழிக்கும் பெயர் வைக்காதீர்கள். பயந்து நடுங்கும் பிள்ளையை, உடல்நலமில்லாத பிள்ளையை, பேச்சு வராத பிள்ளையைத் தனியே விடாதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையைத் தொடங்கிய புதிதில் அட்டகாசம் கூடும். அணையப்போகும் விளக்கு சுடர்விட்டு எரிவது போலத்தான் அது. பலர் அந்த நாளில்தான் 'இது பலிக்கவில்லை' என்று கைவிடுகிறார்கள்.

கடையில் பிஸ்கட்டுக்காக அவன் தரையில் விழுந்து அலறும் காட்சியையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அவன் அலறுகிறான், நீங்கள் வாங்கிக் கொடுக்கிறீர்கள், அலறல் நிற்கிறது. அவனுக்குப் பிஸ்கட் பரிசு. உங்களுக்கு நிம்மதி பரிசு. இருவரும் ஒருவரையொருவர் பழக்கிக்கொள்கிறீர்கள். ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் பல ஆண்டுகள் வீடு வீடாகப் பார்த்து எழுதிய சுழல் இதுதான். இதை அறுக்கும் இடம் கடைக்குள் இல்லை, கடைக்குப் போகும் வழியில். "இன்றைக்குப் பாலும் பாணும் மட்டும். நீ பாலைத் தூக்கிக்கொண்டு வருவாயா?" என்று முன்கூட்டியே சொல்லி, அவன் கைக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

இரவில் எழுந்து எழுந்து வருகிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்கு ஜோ ஃப்ராஸ்ட் காட்டிய முறையை நான் முழுமனத்தோடு பரிந்துரைப்பேன். முதல் முறை "உறங்கும் நேரம், கண்ணே" என்று சொல்லிப் படுக்கவையுங்கள். இரண்டாம் முறை "உறங்கும் நேரம்" என்று மட்டும். மூன்றாம் முறையிலிருந்து பேச்சே இல்லை. முகத்தில் கோபமும் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம். தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு வந்துவிடுங்கள். முதல் இரவு முப்பது நாற்பது தடவை எழுந்து வரலாம். அன்றைக்கு உங்கள் கணவரையும் முறை வைத்து எழுப்பிவிடுங்கள், ஒருவரால் முடியாது. வெள்ளிக்கிழமை இரவாகப் பார்த்துத் தொடங்கினால், மறுநாள் காலையில் யாரும் வேலைக்கு ஓட வேண்டியதில்லை.